வீட்டுக்குப் பலகை வாங்கும் முன்: பிளைவுட் முதல் எம்.டி.எஃப். வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட்டையும் கம்பியையும் பத்துப் பேரிடம் விசாரித்துத்தான் வாங்குவார்கள். அலமாரி, கதவு, சமையலறை என்று வருவதற்குள் கையில் காசும் கரைந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். "நல்லதா ஒரு பிளைவுட் போட்டுடுங்க" என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கப் போய்விடுவார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் என்னைப் போன்ற இன்டீரியர் வேலைக்காரனுக்கு போன் வரும். அப்படி வந்த கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

பிளைவுட், பிளாக்போர்டு, எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு எல்லாம் ஒன்றுதானே?

எல்லாவற்றிலும் இருப்பது மரமும் பசையும்தான். மரத்தை எவ்வளவு பொடியாக உடைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

உருளைக் கட்டையைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவது போல மெல்லிய ஏடாக உரிப்பார்கள். அந்த ஏட்டுக்கு வெனீர் என்று பெயர். ஓர் ஏட்டின் ரேகை நீளவாக்கில் இருந்தால் அடுத்ததன் ரேகை அகலவாக்கில் வரும்படி அடுக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டினால் பிளைவுட். ஏடு உரிக்காமல், ஓர் அங்குலத்துக்கு மிகாத அகலமுள்ள ரீப்பர்களை (மரச் சட்டங்களை) நடுவில் வரிசையாக வைத்து, மேலும் கீழும் ஏடு ஒட்டினால் பிளாக்போர்டு. மரத்தைச் சில்லு சில்லாக்கிப் பசையோடு அழுத்தினால் பார்ட்டிகிள் போர்டு. அந்தச் சில்லையும் நீராவியில் வேகவைத்துப் பஞ்சு மாதிரி நாராக அரைத்து அழுத்தினால் எம்.டி.எஃப்.

மரம் பொடியாகப் பொடியாகப் பலகையின் முகம் வழவழப்பாகும். ஆனால் தண்ணீரைத் தாங்குவதிலும் திருகாணியைப் பிடித்து வைப்பதிலும் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் பிளைவுட்டுக்குக் கீழேதான்.

தேக்கு, வேங்கை என்று முழு மரம் இருக்கும்போது இந்த ஒட்டுப்பலகை எதற்கு?

காசைத் தள்ளிவைத்தாலும் ஒரு காரணம் இருக்கிறது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. அகலவாக்கில் பல மடங்கு அசையும். அதனால்தான் தாத்தா காலத்துக் கதவில் ஒரே பலகையாக அடிக்காமல், சட்டம் போட்டு நடுவில் சிறு சிறு பலகைகளைச் செருகி, அவை அசைய இடம் விட்டிருப்பார்கள். பிளைவுட்டில் ஓர் ஏடு அசையப் பார்த்தால் குறுக்கே ஒட்டிய ஏடு விடாது. அதனால் நான்கடி அகலப் பலகையைத் தைரியமாக ஒரே துண்டாகப் போடலாம். ஏடுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையில் இருப்பதும் இதற்காகத்தான். நடு ஏட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் பலகை நேராக நிற்கும்.

இன்னொரு காரணம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதைப் பற்றி கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் விழுந்தது. வடகிழக்கில் காட்டு மரத்தை நம்பியிருந்த ஆலைகள் படுத்துவிட்டன. தொழில் அப்படியே விவசாயி வளர்க்கும் மரத்துக்கு மாறியது. இன்று ஹரியானாவின் யமுனா நகரில் பாப்லரும் யூகலிப்டசும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும்தான் பிளைவுட்டாகின்றன. நம் ஊர்க் கடையில் இருக்கும் ஷீட்டின் வயிற்றில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். கூடலூரில் தொடங்கிய வழக்கு உங்கள் வீட்டு அலமாரி வரை வந்துவிட்டது.

எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்கிறார்கள். 303, 710 என்றும் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு கடைக்குப் போனாலே பாதிப் பணம் மிச்சம். இந்த எழுத்தெல்லாம் முதலில் பசையைப் பற்றியது. மரத்தைப் பற்றிக் கடைக்காரர் அரை மணி நேரம் பேசுவார். பசையைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

எம்.ஆர். என்பதற்கு ஈரப்பதத்தைத் தாங்கும் என்று பொருள். காற்றில் உள்ள ஈரத்தைத்தான் சொல்கிறார்கள், ஊற்றும் தண்ணீரை அல்ல. இதில் வழக்கமாக இருப்பது யூரியா பார்மால்டிஹைடு பசை. கடையில் கமர்ஷியல் பிளை என்று சொல்வது இதைத்தான். பி.டபிள்யூ.ஆர். கொதிநீரைத் தாங்கும் வகை. பினால் பார்மால்டிஹைடு போன்ற பசை இருக்கும். இந்த இரண்டுக்கும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 303. பி.டபிள்யூ.பி. எனப்படும் மரைன் பிளைக்கு ஐ.எஸ். 710.

சோதிக்கும் முறையைப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். எம்.ஆர். வகையை 60 டிகிரி வெந்நீரில் முக்கிக் காயவைத்துப் பார்ப்பார்கள். பி.டபிள்யூ.ஆர். வகையைக் கொதிக்க வைப்பதும் காயவைப்பதுமாக மூன்று சுற்று. 710-ஐ விடாமல் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். மூன்று பகல், மூன்று இரவு. அதற்குப் பிறகும் ஏடு பிரியக் கூடாது. அதோடு 710-ல் எந்த மரம் போடலாம், அதைப் பூச்சிக்கு எதிராக எப்படிப் பதப்படுத்த வேண்டும் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

என் கணக்கு இது: படுக்கையறை, ஹால், டி.வி. யூனிட், பூஜை அலமாரி இதற்கெல்லாம் எம்.ஆர். போதும். சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி, பால்கனி இங்கெல்லாம் பி.டபிள்யூ.ஆர். சிங்குக்குக் கீழே மட்டும் 710. வீடு முழுக்க மரைன் போட்டேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். போடலாம், தப்பில்லை. படுக்கையறையில் யாரும் படகு ஓட்டப் போவதில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் "இது வாட்டர் ப்ரூஃப் சார்" என்கிறார். நம்பலாமா?

வாட்டர் ப்ரூஃப் என்பது தரம் அல்ல, பேச்சு. எந்த எண், எந்த கிரேடு என்று கேளுங்கள். பில்லிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே, அது போதாதா?

முத்திரையை முழுதாகப் படிக்க வேண்டும். மேலே ஐ.எஸ். எண் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருளுக்கு உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். பெரிய எழுத்தில் மரைன் என்று அச்சடித்துவிட்டு, முத்திரையின் மேலே 303 என்று இருக்கும் ஷீட்டை நானே பார்த்திருக்கிறேன். அது பொய் முத்திரை அல்ல. 303-க்கு உண்மையிலேயே உரிமம் உண்டு. மரைன் என்ற வார்த்தைதான் அளப்பு.

பிளைவுட்டுக்கும் கதவுகளுக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையை ஒன்றிய அரசு 2023-ல் பிறப்பித்தது. முத்திரை இல்லாத சரக்கை ஒழிப்பதுதான் நோக்கம். இருந்தாலும் செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

முத்திரை சரி. ஷீட்டைக் கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள். முகம் எல்லா ஷீட்டிலும் அழகாகத்தான் இருக்கும். அந்தச் சிவப்பான மேல் ஏடு முன்பு பெரும்பாலும் பர்மாவின் கர்ஜன் மரம். மியான்மர் 2014 ஏப்ரலில் உருளை மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு வேறு நாட்டு மரங்களும் வரத் தொடங்கின. சில ஷீட்டில் சாயமும் உண்டு.

பார்க்க வேண்டியது விளிம்பு. நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். ஏடுகள் ஒரே கனத்தில், கோடு போட்டது போல ஓட வேண்டும். நடுநடுவே ஓட்டை தெரிந்தால் அங்கே ஏடு இல்லை என்று அர்த்தம்; ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அந்த இடத்தில் மேடு தட்டும். சில ஆலைகள் விளிம்பில் பட்டியாகச் சாயம் அடித்து இதை மறைத்துவிடும். அப்போது காதுதான் துணை. ஷீட்டைச் சாய்த்து வைத்து விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் தட்டத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்து திடீரென்று சத்தம் மாறினால் உள்ளே வெற்றிடம்.

டேப்பை எடுத்து நான்கு மூலையிலும் கனம் பாருங்கள். 18 மி.மீ. என்று எழுதி 16 இருக்கும் ஷீட் நிறைய வருகிறது. மூலைக்கு மூலை கனம் மாறினால் மைக்கா ஒட்டும்போது அலை அலையாகத் தெரியும்.

இன்னும் சந்தேகமா? தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு வாங்கி வந்து பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடுங்கள். நல்ல பாத்திரம் வேண்டாம், பசை வாடை போகாது. எம்.ஆர். பசை சில மணி நேரக் கொதிக்குத் தாங்காமல் ஏடு ஏடாகப் பிரியும். உண்மையான பி.டபிள்யூ.ஆர். பேசாமல் கிடக்கும். பினாலிக் பசையின் கோடு கரும்பழுப்பாக இருக்கும், யூரியா பசை வெளிறியிருக்கும் என்று ஓர் அடையாளம் சொல்வார்கள். யூரியா பசையிலும் நிறம் கலக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. கொதிநீர் ஏமாற்றாது.

மாடுலர் கிச்சனுக்கு பார்ட்டிகிள் போர்டு போட்டால் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார்கள். போடலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். சமையலறை நான் செய்து கொடுத்ததுதான். கீழ்ப் பெட்டிகள் எல்லாம் பார்ட்டிகிள் போர்டு. இரண்டு நாள் தண்ணீரில் நின்ற பலகை ஊறிய ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது. கையால் அள்ளி எடுத்தோம். மேல் வரிசைப் பெட்டிகள் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தன, அவையும் அதே பலகை. ஹாலில் பிளைவுட் ஷூ ரேக் ஒன்று அதே தண்ணீரில் நின்றது. மைக்கா உரிந்து, சேறு படிந்திருந்ததே தவிர, உட்கூடு நின்றது. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். தரையிலிருந்து மேடை வரை பி.டபிள்யூ.ஆர். பிளைவுட். பெட்டி தரையில் உட்காரக் கூடாது. நாலு முதல் ஆறு அங்குல உயர பி.வி.சி. கால்களில் நிற்க வேண்டும். மேல் வரிசைக்கு வேண்டுமானால் விலை குறைந்த பலகை போட்டுக்கொள்ளலாம், அங்கே பாத்திரத்தின் ஈரம்தான் எதிரி. சிலிண்டர் வைக்கும் இடத்துக்கு அடிப்பலகையே வேண்டாம். சிலிண்டரை இழுத்து இழுத்து மைக்கா கிழிந்து, மாப் போடும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். சிங்குக்குக் கீழே வருடத்துக்கு ஒரு தடவையாவது குழாய் ஒழுகத்தான் செய்யும். அதை மனதில் வைத்துத்தான் 710 என்றேன்.

வெட்டிய விளிம்புகளையும் திறந்து விடாதீர்கள். சிங்க் குழாய்க்குப் போட்ட ஓட்டை, பின்பக்கம், அடிப்பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஆசாரி பட்டி ஒட்டாமல் விட்டுவிடுவார். தண்ணீர் நுழைவதும் அங்கேதான்.

அப்படியானால் எம்.டி.எஃப். மோசமான பலகையா?

இல்லை, இடம் தெரிந்து போட்டால் நல்ல பலகை. ரேகை இல்லாததால் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி செதுக்கலாம். ஜாலி வெட்ட, கதவில் டிசைன் குடைய, பெயிண்ட் அடித்துக் கண்ணாடி போலப் பளபளக்க வைக்க இதைவிட நல்லது கிடையாது. பிளைவுட்டில் பெயிண்ட் அடித்தால் கொஞ்ச நாளில் ரேகை மேலே எழும்பித் தெரியும்.

எடை மட்டும் கவனம். 18 மி.மீ. எட்டுக்கு நான்கு ஷீட் ஏறக்குறைய 40 கிலோ வரும். உயரமான கதவுக்குப் போட்டால் கீல் கூடுதலாக வேண்டும். விளிம்பில் திருகாணி அடித்தால் நார் பிளந்துகொள்ளும். முதலில் துளை போட்டுவிட்டுத்தான் முடுக்க வேண்டும். ஒரு தடவை கழற்றி மாட்டினால் பிடி தளர்ந்துவிடும். வாடகை வீட்டுக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எச்.டி.எச்.எம்.ஆர்., டபிள்யூ.பி.சி.?

முதலாவது, எம்.டி.எஃப். குடும்பத்துப் பிள்ளைதான். அடர்த்தி அதிகம், ஈரம் தாங்கும் பசை. சமையலறைக் கதவுகளுக்கு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அந்தப் பெயர் ஐ.எஸ். 303 போன்ற கிரேடு அல்ல, விற்பனைப் பெயர். கம்பெனிக்குக் கம்பெனி சரக்கு மாறும். இரண்டாவது, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. தண்ணீரும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது, குளியலறைக் கதவுக்கு அருமை. நீளத் தட்டாகப் போட்டுப் பாரம் ஏற்றினால் வளையும். கடையில் டபிள்யூ.பி.சி. என்று கொடுப்பது பல சமயம் மரத்தூளே இல்லாத பி.வி.சி. நுரைப் பலகை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புத்தக அலமாரித் தட்டு நடுவில் தொங்கிவிட்டது. பலகை மட்டமா?

பலகையைத் திட்டுவதற்கு முன் நீளத்தை அளந்து பாருங்கள். ஒரே சீராகப் பாரம் ஏற்றிய தட்டின் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில், அதாவது நீளத்தை நான்கு தடவை பெருக்கும் கணக்கில் ஏறும். இரண்டடித் தட்டை மூன்றடியாக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு அல்ல, ஐந்து மடங்கு. நான்கடியாக்கினால் பதினாறு மடங்கு. கனம் கூட்டினால் விறைப்பு மூன்றாம் அடுக்கில் ஏறும், 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 போட்டால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு.

அதனால் புத்தகம் வைக்கும் தட்டு பார்ட்டிகிள் போர்டு என்றால் இரண்டடிக்கு மேல் வேண்டாம், பிளைவுட் என்றால் இரண்டரை அடி. அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள், அல்லது பிளாக்போர்டு போடுங்கள். பிளாக்போர்டின் ரீப்பர்கள் தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். திருப்பி வெட்டிவிட்டால் அவ்வளவும் வீண். பிளைவுட்டிலும் மேல் ஏட்டின் ரேகை நீளவாக்கில் வரட்டும். ஷீட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே வெட்டும் ஆசாரியை அன்பாகத் தடுத்து நிறுத்துங்கள்.

உயரமான அலமாரிக் கதவுக்கும் பிளாக்போர்டையே சிபாரிசு செய்வேன். பிளைவுட்டை விட லேசு, ஏழடி உயரத்திலும் எளிதில் முறுக்கிக்கொள்ளாது.

ஒரு வார்ட்ரோபுக்கு எத்தனை ஷீட் ஆகும்?

எட்டுக்கு நான்கு ஷீட் மட்டும்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். ஏழுக்கு நான்கு, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு எல்லாம் கிடைக்கும்.

ஏழடி உயரம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம், மூன்று அறை என்று ஒரு வார்ட்ரோபை எடுத்துக்கொள்வோம். நிற்கும் பலகை நான்கு, ஒவ்வொன்றும் ஏழுக்கு இரண்டு. மேலும் கீழும் ஆறுக்கு இரண்டில் ஒவ்வொன்று. எட்டுத் தட்டு, ஓரடி அகலத்தில் ஆறு கதவு. எல்லாம் எட்டுக்கு நான்கில் வாங்கினால் 6 ஷீட் ஆகும், 192 சதுர அடி. அதையே பிரித்து வாங்கிப் பாருங்கள்: நிற்கும் பலகைக்கு ஏழுக்கு நான்கில் இரண்டு, கதவுக்கு ஏழுக்கு மூன்றில் இரண்டு, மேல் கீழுக்கு ஆறுக்கு நான்கில் ஒன்று, தட்டுக்கு எட்டுக்கு நான்கில் ஒன்று. மொத்தம் 154 சதுர அடி. ஒரு முழு ஷீட்டுக்கு மேல் மிச்சம். முதுகுப்பக்கத்துக்கு 6 மி.மீ. ஷீட் இரண்டு தனி.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நான்கடியை இரண்டாக அறுத்தால் இரண்டடி வராது, ரம்பம் கொஞ்சம் தின்னும். உள் ஆழம் சரியாக இரண்டடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒவ்வொரு ஷீட்டிலும் பாதி குப்பைக்குப் போகும்.

உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள், வெளியே மட்டும் மைக்கா ஒட்டினால் போதாதா?

கதவுக்கு அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். மைக்கா ஒட்டிய பக்கம் ஈரம் ஏறாது, ஒட்டாத பக்கம் ஏறும், இறங்கும். ஆறு மாதத்தில் கதவு வில்லாகிவிடும். உள்பக்கம் மெல்லிய, விலை குறைந்த மைக்காவாவது போட்டாக வேண்டும்.

அலமாரிக்குக் கீழே வெள்ளைப் பொடி கொட்டுகிறது. கரையானா?

பொடி மாவு போல இருந்து, பலகையில் குண்டூசித் துளை தெரிந்தால் அது கரையான் அல்ல, உளு. ஒரு சின்ன வண்டின் புழு. மரத்தில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குத் தீனி, ரப்பர் மரத்தில் அது தாராளம். வெளியிலிருந்து வந்தது என்று நினைப்போம். பதப்படுத்தாத ஏட்டின் உள்ளேயே முட்டையாக வந்து, மாதக்கணக்கில் தின்று, வண்டாகி வெளியேறும்போதுதான் துளை தெரியும். அந்த நேரத்தில் மேலே மருந்து அடிப்பதால் பெரிய பயனில்லை. துளைகளில் ஊசியால் மருந்து ஏற்றலாம். பரவியிருந்தால் பலகையை மாற்றுவதே மேல். வாங்கும்போதே பதப்படுத்தியதா என்று கேட்பதுதான் வழி. ரப்பர் மர ஏடுகளுக்குப் போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றுவார்கள். தண்ணீர் பட்டால் அந்த மருந்து கரைந்து வெளியேறும் என்பதால் ஈரமான இடத்தில் அதையும் முழுதாக நம்ப முடியாது.

கரையானுக்கு மண் பாதை இருக்கும், சுவரில் கோடு போட்டது போல வரும். அது பலகையின் குற்றம் அல்ல, தரையின் குற்றம். அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து அடித்திருக்க வேண்டும். 710 ஷீட்டே போட்டிருந்தாலும் கரையான் அதன் மேலேறிப் போய்ப் பக்கத்தில் இருக்கும் துணியைத் தின்னும்.

புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. உடம்புக்குக் கெடுதலா?

பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடு அது. யூரியா பசைதான் அதிகம் விடும். பினாலிக் பசை மிகக் குறைவு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதற்காகப் பதற வேண்டாம், அளவுதான் விஷயம். பலகையில் இ1, இ0 என்று இருந்தால் வெளியேற்றம் குறைவான வகை. எண் குறையக் குறைய நல்லது. குழந்தைகள் அறைக்கும் ஏ.சி. போட்டு மூடியே வைக்கும் அறைக்கும் இதைக் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பக்கமும் மைக்காவும் விளிம்புப் பட்டியும் ஒட்டினால் வாடை பெருமளவு அடங்கும். வேலை முடிந்த கையோடு குடிபோகாமல், கதவுகளைத் திறந்து போட்டு இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் வெளியேற்றம் கூடும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட் ஊற்றும் அச்சுக்கு) இரும்பு ஷீட்டா, பிளைவுட்டா?

கான்கிரீட் முகம் வழவழப்பாக வேண்டுமென்றால் பிளைவுட். இதற்கென்று தனி வகை உண்டு, ஐ.எஸ். 4990. இரண்டு முகத்திலும் கரும்பழுப்பு நிறத்தில் பினாலிக் ஃபிலிம் ஒட்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால் இதைக் கடையில் எடை சொல்லி விற்பார்கள். 12 மி.மீ. எட்டுக்கு நான்கு ஷீட் "28 கிலோவா, 32 கிலோவா" என்று கேட்பார்கள். எடை கூடினால் அடர்த்தி கூடுதல், இன்னும் சில தளங்களுக்கு வரும். விலையை ஷீட்டுக்குப் பார்க்காமல், எத்தனை தடவை ஊற்ற முடிந்தது என்று வகுத்துப் பாருங்கள்.

வெட்டிய விளிம்பில் பெயிண்ட் அடிப்பது, ஷட்டரிங் ஆயில் தடவுவது, கடப்பாரையால் நெம்பாமல் கழற்றுவது இந்த மூன்றும்தான் ஷீட்டின் ஆயுள். மேஸ்திரி வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தடவினால் கூரையில் கறை படியும், பூச்சும் பிடிக்காது.

அமெரிக்காவில் வீடே பலகையில் கட்டுகிறார்கள். நாமும் கட்டலாமே?

அங்கே சுவருக்கும் கூரைக்கும் அடிப்பது பெரும்பாலும் ஓ.எஸ்.பி., நீளச் சில்லுகளைத் திசை பார்த்து அடுக்கி அழுத்திய பலகை. அதைப் பார்த்துவிட்டு "அட்டையில் வீடு கட்டியிருக்கான்" என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள். அது அட்டை அல்ல. பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச் சட்டம் நிறுத்தி அதன் மேல் ஷீட்டை அறைகிறார்கள். நான்கடி என்றால் 48 அங்குலம், சரியாக மூன்று இடைவெளி. எட்டடி என்றால் ஆறு. ஷீட் சட்டங்களைப் பிணைத்துவிடுவதால் காற்று தள்ளும்போது சுவர் சாயாது. பலகையும் சட்டமும் சேர்ந்தே ஒரே உறுப்பாக வேலை செய்கின்றன.

அதற்கு அடுத்த படி, 1990-களில் ஆஸ்திரியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் வளர்ந்த சி.எல்.டி. என்ற குறுக்கடுக்கு மரம். அதுவும் பிளைவுட்டின் அதே தத்துவம்தான். ஏட்டுக்குப் பதிலாக முழுப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் சுவர் கனத்துக்குச் செய்வது. நார்வேயின் புருமுன்டால் ஊரில் 2019-ல் முடிந்த மியோஸ்டோர்னெட் கட்டடம் 85.4 மீட்டர், 18 மாடி. அதன் தூண்களும் உத்தரங்களும் ஒட்டுமரம். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-ல் அசென்ட் என்ற 25 மாடிக் கட்டடம் அதையும் தாண்டி 86.6 மீட்டருக்குப் போனது. தீப்பிடித்தால் என்று கேட்பீர்கள். கனத்த மரம் வெளியே கரியாகும். அந்தக் கரியே உள்மரத்துக்குச் சூடு போகாமல் தடுக்கும். எவ்வளவு கரியும் என்று கணக்குப் போட்டு அதற்கேற்பக் கூடுதல் கனம் வைப்பார்கள்.

நம் ஊரில்? மரம் மலிவாகக் கிடைக்கும் குளிர்நாட்டுக் கணக்கு அது. இங்கே செங்கல்லுக்கும் கொத்தனாருக்கும் ஆகும் செலவில் அது வராது, கரையானும் கடற்காற்றும் வேறு. மொட்டை மாடியில் லேசாக ஓர் அறை வேண்டும் என்பவர்களுக்கு இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் கலந்த பார்ட்டிகிள் போர்டு நல்ல வழி. கனம், அறுக்கத் தூசி பறக்கும், ஆனால் தண்ணீரும் கரையானும் தீயும் அதனிடம் தோற்கும்.

ஊரில் நிலம் இருக்கிறது. பிளைவுட்டுக்கு மரம் வளர்க்கலாமா?

மலைவேம்பு. நேராக, கிளையில்லாமல் வளரும், ஏடு உரிக்கத் தோதான மரம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பல ஆண்டுகளாக இதைப் பரப்பி வருகிறது. தண்ணீர் விட்டால் ஆறேழு ஆண்டில் ஆலைக்குப் போகும் பருமன் வரும். நடுவதற்கு முன்பே வாங்கும் ஆலை எது, எந்தச் சுற்றளவு கேட்கிறது என்று விசாரித்துவிடுங்கள். பக்கக் கிளைகளைச் சின்னதிலேயே கழிக்காவிட்டால் ஏட்டில் முடிச்சு விழும், விலையும் விழும்.

ஷீட் வந்து இறங்கிவிட்டது, ஆசாரி அடுத்த வாரம்தான் வருகிறார். எங்கே வைப்பது?

படுக்கை வசமாக, சமதரையில், கீழே மூன்று ரீப்பர் கொடுத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே வாரத்தில் வளைந்துவிடும், அப்புறம் நிமிர்த்த முடியாது. புதிதாகப் பூசிய சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம், அது இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும். மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது அதைவிட மோசம். பகலில் உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆவி கட்டும். ஷீட்டை எண்ணி, முத்திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுத்த பிறகு முத்திரை எந்தத் துண்டில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது.